அவசரக்காரர்களுக்குப் பிடிபடாத வேர்

பாலக்காட்டுக் கணவாயின் தெற்கே நெல்லியாம்பதியும் பறம்பிக்குளமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பறம்பிக்குளம் கேரளத்துக்காரர்களின் காடு. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை வழியாக ஏறித்தான் போக முடியும். மலைக்குக் கீழே சித்தூர் தாலுகாவின் கரிசலும் தென்னந்தோப்புமாக மீனாட்சிபுரம். பொள்ளாச்சி ரோடும் ரயிலும் கடந்து போகும் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் மலையாளம் என்று வாழ்ந்து பழகியவர்கள் நாங்கள். ஓணம் நெருங்கினால் இங்கே உள்ள சோதனைச்சாவடியில் தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் லாரிகளை நிறுத்தி, பாலை எடுத்துச் சோதித்துவிட்டுத்தான் விடுவார்கள். எல்லை தாண்டும் சரக்கை நிறுத்திப் பார்ப்பது ஊருக்குப் பழகிய காட்சி.

இந்த மலைகளின் மரநிழலில், ஈரம் விடாத மண்ணில், முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி வளர்கிறது. கணுவுக்கு மூன்று இலை. பூ வெள்ளை, பூக்காம்பு நல்ல சிவப்பு. பழுத்தால் காய் கருநீலமாகப் பளபளக்கும். சமஸ்கிருத நூல்களில் சர்ப்பகந்தா, தமிழில் சிவன் அமல்பொடி, மலையாளத்தில் அமல்பொரி. எங்கள் ஊர்க் காய்ந்த நிலத்தில் அது முளைக்காது. நான் அதைப் பார்த்ததெல்லாம் வேராகத்தான், நாட்டு மருந்துக் கடையில்.

சுண்டுவிரல் தடிமன், நேராக ஓடாமல் நெளிந்து நெளிந்து போகும் உருவம். மேல்தோல் சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம், நகத்தால் கீறினால் உதிரும். உள்ளே வெளிறிய கட்டை. மணம் என்று எதுவும் கிடையாது. நுனியை நாக்கில் வைத்தால் கசப்பு இறங்க வெகுநேரம் ஆகும். மருந்துச் சத்து பெரும்பாலும் அந்த உதிரும் தோலில்தான் இருக்கிறது.

கடைக்கார அண்ணனிடம் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "பிரஷருக்குன்னு கேட்டு வர்றாங்க. வைத்தியர் சீட்டு இல்லாம நான் குடுக்கறதில்லீங்க. இது தின்னா உடனே ஒண்ணும் தெரியாதுங்க. பத்து நாள் கழிச்சுத்தான் ஆளையே மாத்தும்" என்றார்.

இந்த வேரின் முந்நூற்று ஐம்பது வருடக் கதையை அவர் அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார் என்பது பிறகு படிக்கப் படிக்கத்தான் எனக்கு உறைத்தது. இந்த வேர் மெதுவாக வேலை செய்வது. அதைக் கையில் எடுத்த ஒவ்வொருவரும், தங்களுக்கு எவ்வளவு பொறுமை இருந்ததோ அந்த அளவுக்குத்தான் அதைக் கண்டுகொண்டார்கள்.

மலபாரை விட்டு அது காகிதத்தில் கிளம்பியது 17-ஆம் நூற்றாண்டில். கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இந்த நாட்டின் செடி கொடிகளையெல்லாம் தொகுக்க ஏற்பாடு செய்தார். சேர்த்தலைப் பக்கத்துக் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தன் குடும்பத்தில் வழிவழியாக வந்த மருத்துவ அறிவைச் சொன்னார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் துணைநின்றார்கள். அப்படி உருவான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சேறியது. 1686-இல் வந்த ஆறாம் தொகுதியில் 47-ஆம் படம் நம் செடி. லத்தீன் நூலில் அதன் பெயர் மலையாளத்தை அப்படியே டச்சு உச்சரிப்பில் எழுதியதுதான். அச்சுதன் தந்த வாக்குமூலமும், 1675 ஏப்ரல் தேதியோடு, அவருடைய எழுத்திலேயே முதல் தொகுதியில் இருக்கிறது. மருத்துவ அறிவைக் கொடுத்தவரின் பெயரைப் புத்தகத்திலேயே பதிவுசெய்த நேர்மை அந்தக் காலத்தில் அரிது. ரீடுக்கு அந்தப் பெருமை உண்டு.

பின்னால் வந்தவர்கள் அப்படி இருக்கவில்லை. 1703-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஷார்ல் ப்ளூமியே இந்தச் செடியின் பேரினத்துக்கு ராவுல்ஃபியா என்று பெயர் வைத்தார். ஆக்ஸ்பர்க் நகர மருத்துவர் லியன்ஹார்ட் ராவுல்ஃபின் நினைவாக. 16-ஆம் நூற்றாண்டில் சிரியா, ஈராக் வரை பயணம் செய்த அந்த மருத்துவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்தச் செடியை அவர் கண்ணால் கண்டதும் இல்லை. உலகம் முழுக்க இன்று வழங்கும் பெயர் அவருடையது. அச்சுதனின் பெயரில் இந்தச் செடி அழைக்கப்பட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்த இருநூறு வருடங்களுக்கு ஐரோப்பாவில் அது ஓர் ஏட்டுச் செடிதான். இங்கேயோ அதன் வாழ்க்கை நிற்கவில்லை. பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்தார்கள். அழுகிற குழந்தை தூங்கக் கொடுத்தார்கள். பீகாரில் அதற்குப் பைத்திய மருந்து என்றே பெயர். பாம்பு விஷத்துக்கு அது பயன்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மற்றவற்றில் தூக்கமும் மனப் பிறழ்வும் சரியான திசையைக் காட்டின. கிராமத்து வைத்தியர் நோயாளியை மாதக்கணக்கில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர். அவருக்கு அது தெரிந்ததில் வியப்பில்லை.

1927-இல் மறைந்த ஹக்கீம் அஜ்மல் கான் தில்லியில் ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரியை நிறுவியவர். பழைய மருந்துகளைப் புதிய ரசாயனம் கொண்டு ஆராய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அங்கே ஆராய்ச்சிப் பிரிவை நடத்திய சலிமுஸ்ஸமான் சித்திக்கி 1931-இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். மூன்றுக்குத் தன் ஆசானின் பெயரையே வைத்தார்: அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின். அஜ்மலின் இன்றும் இதயத் துடிப்புக் கோளாறு ஒன்றைக் கண்டறியும் சோதனையில் பல நாடுகளில் பயன்படுகிறது. அதே 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், மன நோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் ஏற்ற புதிய இந்திய மருந்து என்று இந்த வேரைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1933-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் அவருடைய குழுவும், வேரிலிருந்து பிரித்த ஓர் ஆல்கலாய்டு விலங்குகளின் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதிவைத்தார்கள்.

வேர் கிட்டத்தட்டப் பிடிபட்டுவிட்டது போலத் தோன்றுகிறது அல்லவா? இல்லை. இன்னும் இருபது வருடம் ஆயிற்று. ஏன் என்று புரிய வேண்டுமானால், சோதனை மேசையில் கிடந்த விலங்கின் கழுத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆளியாற்றுத் தண்ணீர் மூலத்தரை ரெகுலேட்டருக்கு வரும்போது, அங்கே இருப்பவர் நீர்மட்டத்தைப் பார்த்து ஷட்டரை ஏற்றியும் இறக்கியும் இரண்டு பக்கக் கால்வாய்க்கும் அளந்து விடுகிறார். நம் உடம்பில் அந்த வேலையை நரம்புகள் செய்கின்றன. தாடை எலும்பின் மூலைக்குக் கீழே கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் சிறு வீக்கம் ஒன்று உண்டு. அதன் சுவரிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் நரம்பு நுனிகள் பதிந்திருக்கின்றன. அழுத்தம் ஏறினால் சுவர் இழுபடும். இழுபட்டால் நுனிகள் படபடவெனச் செய்தி அனுப்பும். செய்தி மூளையின் அடியில் உள்ள முகுளத்துக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு வழியாக உத்தரவு திரும்பும். வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாகத் துடிக்கச் சொல்லும். பரிவு நரம்புகள் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தும். அழுத்தம் இறங்கினால் எல்லாம் நேர்மாறாக நடக்கும். படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது. ஆனாலும் நாம் மயங்கி விழாததற்கு இந்த அனிச்சைச் செயல்தான் காரணம். சில விநாடிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவை விலங்குகள். 1866-இல் ஜெர்மனியில் எலி டி சியோன், கார்ல் லுட்விக் இருவரும் முயலின் கழுத்தில் ஒரு மெல்லிய நரம்பை வெட்டி, மூளைப் பக்கத்து முனையை மின்சாரத்தால் தூண்டினார்கள். ரத்த அழுத்தம் இறங்கியது, இதயம் மெதுவானது. பெருந்தமனியிலிருந்து செய்தி கொண்டுபோகும் இந்த நரம்பு மற்றப் பல விலங்குகளில் வேகஸுக்குள் கலந்தே ஓடும். முயலில் தனி இழையாக ஓடுவதால் கத்திக்கு எளிதில் அகப்பட்டது. முயலுக்கு அதனால் நேர்ந்தது பெரிய துன்பம். சோதனைக்கூடங்களில் அதன் பிறகு நூறு வருடத்துக்கு மேலாக முயல் இல்லாத நாள் இல்லை. 1920-களில் ஹைன்ரிஷ் எவால்ட் ஹெரிங் கழுத்துத் தமனியின் அந்த வீக்கத்தைச் சுட்டிக்காட்டினார். பெல்ஜியத்தின் கோர்னெய் ஹேமன்ஸ் நாய்களை வைத்து இந்தப் பகுதியின் நரம்பு வழிகளை ஆராய்ந்தார். 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார். இந்த வரைபடத்தில் இந்தியருக்கும் ஓர் இடம் உண்டு. பின்னாளில் தில்லி வல்லபாய் படேல் நெஞ்சக நிலையத்தின் இயக்குநராக இருந்த அவ்தார் சிங் பெயின்டல், பூனையின் வேகஸ் நரம்பை இழை இழையாகப் பிரித்து, இதயத்தின் மேலறைகளிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் எந்த இழை எப்போது என்ன சொல்கிறது என்பதை 1950-களில் கேட்டறிந்தவர். அவருடைய கதையைத் தனியே எழுத வேண்டும்.

இப்போது சோப்ரா காலத்துச் சோதனைக்கு வருவோம். விலங்குக்கு மயக்க மருந்து கொடுத்து, தமனியில் குழாய் செருகி, சுழலும் உருளையில் அழுத்தத்தைக் கோடாக வரைய விடுவார்கள். மருந்தைச் சிரைக்குள் ஊசியால் ஏற்றுவார்கள். கோடு இறங்குகிறதா, ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். மேசையில் அந்த விலங்கின் ஆயுள் சில மணி நேரம்தான். அங்கே அளவுகோல் நிமிடம். நிமிடக்கணக்கில் வேலைசெய்யும் பொருளை அந்த முறை அழகாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் நம் வேரின் முக்கியச் சத்து அப்படிப்பட்டதல்ல. வாயால் கொடுத்தால் முழுப் பலன் தெரிய நாட்களும் வாரங்களும் ஆகும். உருளை நின்ற பிறகுதான் அது வேலையைத் தொடங்கும்.

இன்னொரு தடையும் இருந்தது. ரசாயனக்காரர்களுக்குப் பளிங்கு பிடிக்கும். வேரைச் சாராயத்தில் ஊறவைத்து, பளிங்காகப் படிவதையெல்லாம் எடுத்த பிறகு, அடியில் பிசின் போன்ற பழுப்பு வண்டல் மிஞ்சும். அது எதிலும் சேராது, படியாது, ஒட்டும். வேரின் மெதுவான சத்து அதற்குள்தான் பதுங்கி இருந்தது.

கடிகாரத்தை மாற்றியவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல். கே.இ.எம். மருத்துவமனையில் இதய நோய்களைக் கவனித்தவர். பல வருடம் தன் நோயாளிகளுக்கு வேரை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, 1949 அக்டோபரில் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் 50 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அழுத்தம் உடனே இறங்கவில்லை, வாரக்கணக்கில் இறங்கியது. மருந்தை நிறுத்திய பிறகும் பலருக்கு வாரக்கணக்கில் தாழ்ந்தே நின்றது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு நாட்டு வேரைப் பற்றி, அளவும் அட்டவணையுமாக, மேற்கத்திய மருத்துவர்கள் படிக்கும் இதழில் வந்த அந்தக் கட்டுரைதான் வேரின் பாஸ்போர்ட். பத்மபூஷண் உட்படப் பல சிறப்புகள் பின்னர் வகீலுக்குக் கிடைத்தன. 1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதும். ஆனால் அவருடைய பெரிய சாதனை, நோயாளியின் வாழ்நாளையே சோதனைக் கருவியாகக் கொண்டது என்று நினைக்கிறேன்.

கட்டுரையைப் படித்த பாஸ்டன் மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸ் இந்தியாவிலிருந்து மாத்திரை வரவழைத்துத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தார். அழுத்தம் இறங்கியதோடு இன்னொன்றையும் கவனித்தார். நோயாளிகள் அமைதியாகிவிட்டார்கள், முன்பு பதறியதற்கெல்லாம் இப்போது பதறவில்லை. பீகார்க் கிராமத்தார் சொன்ன அதே செய்தி.

இதற்கிடையில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சீபா மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், எல்லோரும் ஒதுக்கிய அந்தப் பிசின் வண்டலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யோஹன்னஸ் முல்லர், எமில் ஷ்லிட்லர் இருவரும் ரசாயனம். ஹூகோ பைன் விலங்குகளில் சோதிப்பவர். பைன் அவசரப்படாமல் காத்திருந்து பார்த்தார். விலங்கு மெல்ல மெல்லச் சோர்ந்தது, அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது. 1952-இல் வண்டலுக்குள்ளிருந்து தூய பளிங்காக ரிசர்பின் வெளியே வந்தது. அடுத்த வருடமே 'செர்பசில்' என்ற பெயரில் மாத்திரை. 1954-இல் நியூயார்க் மாநில ராக்லண்ட் மனநல மருத்துவமனையில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். 1956-இல் ஹார்வர்டின் ராபர்ட் வுட்வர்ட் அதைச் செயற்கையாகவே கட்டிக் காட்டினார்; கரிம ரசாயனத்தின் பெரிய வெற்றிகளுள் ஒன்றாக அதை இன்றும் பாடம் நடத்துகிறார்கள்.

அழுத்தம் ஏன் இறங்குகிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதற்கு மறுபடியும் முயல்தான் வந்தது. 1955-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னார்ட் பிராடியின் குழு, ரிசர்பின் கொடுத்த முயலின் உடம்பில் செரட்டோனின் சேமிப்பு காலியாவதைக் கண்டது. அந்தக் கூடத்தில் சில மாதம் பயிற்சி பெற்ற ஆர்விட் கார்ல்சன் சுவீடனின் லுண்ட் நகருக்குத் திரும்பி, நில்ஸ் ஓகே ஹில்லார்ப் போன்றவர்களோடு சேர்ந்து, நார்அட்ரினலினும் அப்படியே காலியாகிறது என்று காட்டினார். பரிவு நரம்பின் நுனியில் சின்னச் சின்னப் பைகள் உண்டு. அவற்றில் நார்அட்ரினலின் நிரம்பியிருக்கும். முகுளத்திலிருந்து உத்தரவு வந்தால் பை திறந்து, அந்தப் பொருள் ரத்தக் குழாயின் தசைமேல் பட்டு, குழாய் இறுகும். ரிசர்பின் பைக்குள் பொருளை ஏற்றும் வாயிலை அடைத்துவிடுகிறது. உள்ளே போக முடியாத நார்அட்ரினலின் வெளியிலேயே சிதைந்துபோகிறது. ஏற்கெனவே பையில் இருந்ததும் கசிந்து தீர வேண்டும். அதற்குத்தான் நாட்கள். மீள வேண்டுமானால் புதிய பைகள் நரம்பின் வேர்ப் பக்கத்திலிருந்து நுனிவரை வந்து சேர வேண்டும். நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் விளைவு நிற்பதன் காரணம் இதுதான். மெதுவின் ரகசியம் தீர்ந்தது.

அழகான விஷயம் என்னவென்றால், அனிச்சைச் செயலின் உணரும் பகுதிக்கு எதுவும் ஆவதில்லை. கழுத்துத் தமனி சரியாகச் செய்தி அனுப்புகிறது. முகுளம் சரியாக உத்தரவு போடுகிறது. நரம்பு அதை நுனிவரை கொண்டும் போகிறது. நுனியில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் ரிசர்பின் சாப்பிட்டவர்களுக்கு மூக்கடைப்பு வரும்: மூக்கின் உட்சவ்வு ரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருப்பதும் பரிவு நரம்புதான். அது தளர்ந்தால் சவ்வு வீங்கும். எதிர்ப்பக்கத்து வேகஸுக்குத் தடை இல்லாததால் இதயம் மெதுவாகத் துடிக்கும், வயிறு இளகும். பாட்டிமார் "பிரஷர் மாத்திரை போட்டா மூக்கு அடைச்சுக்குது" என்று சொன்னதை நாம் காதில் வாங்காமல் விட்டிருப்போம். அவர்கள் சொன்னது நரம்பியல் உண்மை.

1957-இல் கார்ல்சன் குழு 'நேச்சர்' இதழில் எழுதிய சோதனையை நான் படித்தபோது உள்ளபடியே கலங்கினேன். ரிசர்பின் கொடுத்த முயல். கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கிறது. காதுகள் தொங்கிவிட்டன, இமை பாதி மூடியிருக்கிறது. தள்ளினாலும் நகராது. அதற்கு எல்-டோபா என்ற பொருளை ஊசியில் போடுகிறார்கள். உடம்பு அதிலிருந்து டோபமினையும் நார்அட்ரினலினையும் தயாரித்துக்கொள்ளும். கால் மணி நேரத்துக்குள் முயல் கண்ணைத் திறக்கிறது, காதை நிமிர்த்துகிறது, நடக்கிறது. இந்தக் காட்சியிலிருந்துதான் டோபமின் தனியாக ஒரு நரம்புச் செய்திப்பொருள் என்பதும், பார்க்கின்சன் நோய்க்கு எல்-டோபா சிகிச்சை என்பதும் பிறந்தன. கார்ல்சனுக்கு 2000-இல் நோபல். நடுங்கும் கையோடு எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இன்று காலை விழுங்கிய மாத்திரைக்கும், மலபார் மரநிழலில் நெளிந்து வளர்ந்த வேருக்கும், பெயர் தெரியாத ஒரு முயலுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. அந்த முயல் தானாக வந்து உட்காரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இந்தியாவில் விலங்குகளைச் சோதனைக்குப் பயன்படுத்துவதைக் கண்காணிக்கும் குழு 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்தான் வந்தது. அதற்கு முன்பு சோதனை செய்பவரின் மனசாட்சிதான் சட்டம். வேறு வழி உள்ள இடத்தில் விலங்கைத் தொடாதே என்ற விதியை ஒவ்வொரு கூடமும் எழுத்தளவில் இல்லாமல் நடைமுறையில் காப்பதுதான் அந்த உயிர்களுக்கு நாம் பட்ட கடனின் ஒரு பகுதி.

மருத்துவத்தில் ரிசர்பினின் பெரிய நாள் 1967-இல் வந்தது. உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தால் ஆயுள் கூடுமா என்றே அதுவரை மருத்துவர்களுக்குள் வாக்குவாதம். வயதானால் அழுத்தம் ஏறத்தான் வேண்டும், அதைக் குறைப்பது ஆபத்து என்று சொன்னவர்களும் உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமையில், கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வெற்று மாத்திரை. மறுபாதிக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரலசின், ரிசர்பின் மூன்றும். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குப் பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற கடும் பாதிப்புகள் நேர்ந்தன. மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டே பேருக்கு. பிரஷர் மாத்திரை உயிர் காக்கும் என்று இன்று உலகில் யார் சொன்னாலும், அந்த நம்பிக்கையின் அடித்தளத்தில் நம் வேர் கிடக்கிறது.

அந்த மூவர் கூட்டணி கொஞ்சம் மாறி நம் ஊருக்கும் வந்தது. அடெல்ஃபேன் எசிட்ரெக்ஸ் என்றால் பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பழைய மருந்துக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாத்திரையில் 0.1 மில்லிகிராம் ரிசர்பின், மீதி இரண்டும் தலைக்குப் பத்து மில்லிகிராம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிளம்பி, ஆம்ஸ்டர்டாம், பாசெல், பாஸ்டன், லுண்ட் எல்லாம் சுற்றிவிட்டு, அட்டையில் பதித்த வில்லையாக வேர் மலையடிவாரத்துக்கே திரும்பி வந்தது.

அது நிலைக்கவில்லை. ஆரம்ப நாட்களில் பெரிய அளவில் கொடுத்ததால் சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு வந்தது, தற்கொலைகளும் நேர்ந்தன. அந்தப் பெயரை ரிசர்பினால் பிறகு உதறவே முடியவில்லை. 1974-இல் 'லான்செட்' இதழில் மார்பகப் புற்றுநோயோடு அதைத் தொடர்புபடுத்திய ஆய்வுகள் வந்தன. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை என்றாலும் அச்சம் தங்கிவிட்டது. புதிய மருந்துகள் வந்தன, அவற்றின் பின்னால் பெரிய விளம்பரமும் வந்தது. குறைந்த அளவு ரிசர்பின் மலிவானது, வேலை செய்வது, அதற்குத் தகுந்த மரியாதை கிடைக்கவில்லை என்று இன்னும் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் ஓரளவு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அதே வாயிலை வேறு விதமாக அடைக்கும் டெட்ராபெனசின் வகை மருந்துகள் ஹண்டிங்டன் நோயின் கட்டுக்கடங்காத உடல் அசைவுகளுக்கு இன்று பயன்படுகின்றன.

காட்டுக்கு என்ன ஆயிற்று? வேரை எடுத்தால் செடி இல்லை. இலையைக் கிள்ளுவது போலவோ பழத்தைப் பறிப்பது போலவோ அல்ல இது. 1950-களில் உலகம் முழுக்கத் தேவை எழுந்ததும் இந்தியக் காடுகளில் வேர் தோண்டுவது கட்டுமீறியது. ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்ததும் கம்பெனிகள் ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே வளரும் பெரிய உறவுச் செடியான ராவுல்ஃபியா வோமிட்டோரியாவை எடுக்க ஆரம்பித்தன. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1990 முதல் சர்ப்பகந்தா இருக்கிறது. தோட்டமாகவும் வளர்க்கிறார்கள், ஒன்றரை வருடமாவது ஆனால்தான் வேர் தேறும். காத்திருக்க மனம் இல்லாதவர்கள் காட்டுக்குத்தான் போகிறார்கள். நம் பக்கத்து வேலியோரங்களில் தானாக முளைக்கும் பாம்புக்களாவின் வேரைச் சர்ப்பகந்தா என்று கலப்பதும் நடக்கிறது. அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த உறவுச் செடி. அதிலும் ரிசர்பின் உண்டு, ஆனால் அளவு வேறு. எவ்வளவு உள்ளே போகிறது என்று தின்பவருக்குத் தெரியாது.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் இரண்டு கேட்டுக்கொள்கிறேன். பிரஷருக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், மனச்சோர்வோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள், யாரோ சொன்னார்கள் என்று இந்த வேர்ப் பொடியைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று அளவைக் கூட்டுவதுதான் இதில் பெரிய ஆபத்து. இது பத்து நாள் கழித்துப் பேசும் மருந்து. மருத்துவரிடம் போகும்போது, நாட்டு மருந்து ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டாவது, நெல்லியாம்பதியிலோ பறம்பிக்குளத்திலோ கணுவுக்கு மூன்று இலையோடு, சிவந்த காம்பில் வெள்ளைப் பூவோடு ஒரு சின்னச் செடியைக் கண்டால், பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேரைத் தொடாதீர்கள்.